மொரப்பூர்ச் சந்திப்பும் ஓசூர்க் கணிப்பொறியும்

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்துக்குச் செல்லும் ரயில் பாதையில் மொரப்பூர் என்னும் நிலையம் ஒன்று இருக்கிறது. ஜன்னலோரம் அமர்ந்து செல்லும் பிரயாணிக்கு அது வழியில் தென்படும் எத்தனையோ சிற்றூர்களுள் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் 1906-ஆம் ஆண்டு தொடங்கி 1941 வரையில், முப்பத்தைந்து வருஷ காலம், ஒன்றோடொன்று ஒத்துப்போக இயலாத இரண்டு இருப்புப்பாதைகள் அந்த இடத்திலே சந்தித்துக்கொண்டிருந்தன. ஒன்று ஐந்தரை அடி அகலமுள்ள பெரிய பாதை. மற்றொன்று மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும், 1913 முதல் அங்கிருந்து மேட்டுநிலம் ஏறி ஓசூருக்கும் சென்ற, இரண்டரை அடி அகலமே கொண்ட சின்னப் பாதை. பெரிய பாதையின் வண்டி சின்னப் பாதையில் இறங்காது. சின்னப் பாதையின் வண்டி பெரிய பாதையில் ஏறாது. ஆகவே ஓசூருக்குப் போக வேண்டிய சரக்கு மொரப்பூரில் ஒரு வண்டியிலிருந்து இறக்கப்பட்டு, மேல்விலாசம் பார்க்கப்பட்டு, கூலியாட்களின் முதுகின்மீது சில கஜ தூரம் பிரயாணம் செய்து, மற்றொரு வண்டியில் ஏற்றப்பட்டது. மூட்டைக்குள் இருப்பது தானியமா, புளியா என்று ஆராய வேண்டிய அவசியம் அந்தக் கூலியாளுக்கு இல்லை; அது எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதொன்றே அவருக்குத் தேவைப்பட்டது.

அந்தச் சின்னப் பாதை லாபத்தை உத்தேசித்துப் போடப்பட்டதன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நினைவு மாறாதிருந்த காலத்தில், இனியொருமுறை மழை பொய்த்தால் தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுசேர்க்க ஒரு வழி இருக்க வேண்டும் என்ற கருத்தோடு அமைந்த பஞ்ச நிவாரணப் பாதைகளுள் அதுவும் ஒன்று. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் திறந்த சின்னப் பாதை மற்றொன்று. ஓசூர்ப் பாதையின் விசேஷம் என்னவென்றால், அது ஓசூரோடு நின்றுவிட்டது. பெங்களூர் அங்கிருந்து இருபத்தைந்து மைல்; மாட்டுவண்டி ஒரே நாளில் கடக்கக்கூடிய தூரம். ஆயினும் ரயிலிலேதான் போவேன் என்ற ஒருவர் ஓசூரில் ஏறி, எழுபது மைலுக்கு மேல் எதிர்த்திசையில் மொரப்பூர் வரை வந்து, வண்டி மாறி, வடக்கே ஜோலார்பேட்டைக்குப் போய், அங்கே மீண்டும் வண்டி மாறி மேற்கே திரும்பித்தான் பெங்களூரை அடைந்திருக்க முடியும். இரண்டு வலைப்பின்னல்கள் ஒரேயொரு புள்ளியில் மாத்திரம் தொட்டுக்கொண்டால், அண்டை வீட்டுக்குப் போகிறவனும் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் போக வேண்டும். 1941-இல், யுத்த காலத்தில், இவ்விரு சின்னப் பாதைகளும் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பிறகு 1960-களில் பெங்களூரையும் சேலத்தையும் ஓசூர், தர்மபுரி வழியாக இணைத்த மீட்டர் பாதை வந்தது. 1990-களில் அதுவும் அகலப்பாதையாயிற்று.

ஒவ்வாத இரண்டு பாதைகளை இணைப்பதற்கு உலகத்தில் இரண்டே உபாயங்கள் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து ஒரே அளவாக்கிவிடுவது ஒன்று. ரயில்வே கடைசியில் அதைத்தான் செய்தது. இரண்டையும் அவை இருந்தபடியே இருக்கவிட்டு, நடுவில் இருபுறத்தையும் அறிந்த ஒருவரை நிறுத்தி, சரக்கைக் கைமாற்றச் செய்வது மற்றொன்று. மொரப்பூரில் கைவிடப்பட்ட இந்த இரண்டாம் உபாயந்தான், அமெரிக்காவில் சில பொறியியலாளர் கையில் புதுப்பிறவி எடுத்து, இன்று உலகம் முழுவதையும் பிணைத்திருக்கிறது. அந்தச் சரித்திரத்தை ஓசூரிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஏனென்றால் நடுவில் நின்று கைமாற்றுவது இந்த ஊருக்குப் பழகிய தொழில்.

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமஹால் பிரதேசம் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் வந்து, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் அதை நிர்வகித்தனர். திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-க்குப் பிறகு பாலாகாட் எனப்பட்ட ஓசூர் மேட்டுநிலமும் அதனோடு சேர்ந்தது. அன்றுமுதல் ஓசூர் ஒரு ராஜ்யத்தின் விளிம்பில் அமைந்த ஊராயிற்று. விளிம்புக்கு அப்பால் மைசூர் சமஸ்தானத்தில், சிக்க தேவராஜ உடையார் காலத்திலிருந்தே வழங்கிவந்த ‘அஞ்சே’ என்னும் சொந்தத் தபால்முறை இருந்தது. இப்பால் பிரிட்டிஷ் தபால் இருந்தது. 1889-இல் அஞ்சே பிரிட்டிஷ் தபாலோடு ஒன்றாக்கப்படும் வரையில் இரு தபால்களும் இந்த எல்லையின் இருபுறத்திலும் தத்தம் சட்டப்படி நடந்துவந்தன. பாஷைகளோ மூன்று. வீட்டில் தெலுங்கும், கடைவீதியில் தமிழும், பெங்களூர் வியாபாரியிடம் கன்னடமும் பேசுகிற மனிதரை இங்கே தேட வேண்டியதில்லை. எந்தத் தெருவிலும் காணலாம். அந்தக் காலத்துக் கும்பினி வியாபாரத்தில் இத்தகையோருக்குத் ‘துபாஷி’ என்று பெயர்; இருபாஷைக்காரர் என்பதே அச்சொல்லின் பொருள்.

இனி கணிப்பொறிகளின் விஷயத்துக்கு வருகிறேன். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் சர்வகலாசாலையிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற்செய்தியைக் கொண்டுசென்ற ஆர்பாநெட் என்ற வலை, தொலைபேசிக் கம்பிகளின் வழியே ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் வானொலி அலையின் வழியே ஓடும் வலையொன்றும், செயற்கைக்கோளின் வழியே கடல் கடக்கும் வலையொன்றும் தோன்றின. செய்தியைத் துண்டாக்கி அனுப்பும் பொட்டலத்தின் அளவு ஒன்றில் ஒருவிதம், மற்றொன்றில் வேறுவிதம். வேகமும் பிழை நேரும் தன்மையும் ஒன்றுக்கொன்று வேறு. ரயில்வே பாஷையில் மூன்றுவிதப் பாதை அகலம் என்றே சொல்லலாம். ராபர்ட் கான், விண்டன் செர்ஃப் என்ற இருவரும் 1974 மே மாதத்தில் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். எந்த வலையையும் திருத்த வேண்டாம். ஒவ்வொரு வலையும் தன் உள்விவகாரத்தைத் தன் இஷ்டப்படி நடத்திக்கொள்ளட்டும். இரண்டு வலைகள் சந்திக்கும் இடத்தில், இரண்டிலும் ஒவ்வொரு கால் ஊன்றிய ஒரு கம்ப்யூட்டரை வைப்போம். அது பொட்டலத்தின் மேலுறையிலுள்ள விலாசத்தை மட்டும் வாசித்து அடுத்த வலைக்குக் கொடுக்கட்டும் என்பது அதன் சாரம். அந்தக் கம்ப்யூட்டருக்கு அவர்கள் ‘கேட்வே’, அதாவது வாயில், என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் ரவுட்டர் என்று வழங்கியது இதுவேதான்.

துபாஷியை நான் நினைவூட்டியதால் ஒரு வேற்றுமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். துபாஷி உள்ளே இருக்கும் பேச்சையே மொழிபெயர்ப்பவர். ரவுட்டர் உள்ளே எட்டிப்பார்ப்பதில்லை. அந்த வகையில் அதற்கு நெருங்கிய உறவு மொரப்பூர்க் கூலியாளோடுதான்.

தொடக்க காலத்து வாயில்கள் தனிப்பட்ட உபகரணங்களாக இருக்கவில்லை என்பதை இன்றைய வாசகர் மறந்துவிடக் கூடாது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியின் பி.டி.பி-11 என்ற சாதாரண மினி கம்ப்யூட்டரே அந்த வேலையைச் செய்தது. 1977 நவம்பர் 22-ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலையொன்றில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து வானொலி வலையின் வழியே புறப்பட்ட பொட்டலங்கள், வாயில் கடந்து ஆர்பாநெட்டை அடைந்து, செயற்கைக்கோள் ஏறி, ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி, அதே கலிஃபோர்னியாவிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஒன்றை வந்தடைந்தன. நேரே போனால் நானூறு மைல். அவை சென்றதோ ஏறக்குறைய 90,000 மைல். ஓசூரிலிருந்து மொரப்பூரைச் சுற்றிப் பெங்களூர் போகும் பிரயாணம் இதன் முன்னே மிகச் சிறியது. ஆனால் இரண்டிலும் தர்மம் ஒன்றே. மூன்று வலைகளும் தத்தம் சுபாவத்தை மாற்றிக்கொள்ளாமலே பொட்டலங்கள் போய்ச்சேர்ந்தன என்பதுதான் அன்று நிரூபணமான விஷயம்.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்துக்கு மிக உகந்தவர் டேவிட் மில்ஸ். கம்ப்யூட்டர்களின் கடிகாரங்களையெல்லாம் ஒத்து ஓடச் செய்யும் முறையை வகுத்தவர் என்றே அவரைப் பலர் அறிவார்கள். அவரே பி.டி.பி-11 வம்சத்துச் சிறிய கம்ப்யூட்டர்களை ரவுட்டராக்குவதற்கு ‘ஃபஸ்பால்’ என்ற மென்பொருளையும் எழுதினார். 1986-இல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் தன் பெரிய கணிப்பொறி நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையை அமைத்தபோது, ஆறு இடங்களில் நின்று அதைத் தாங்கியவை இந்த ஃபஸ்பால்களே. அவற்றின் இணைப்பு வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். இரண்டே வருஷத்தில் போக்குவரத்து பெருகி அவை மூச்சுத்திணறவே, 1988-இல் வேறு ஏற்பாடு வந்தது, அதிலும் ஐ.பி.எம்.மின் மேஜைக் கம்ப்யூட்டர்களைப் பல சேர்த்துக் கட்டித்தான் ஒவ்வொரு சந்திப்பும் அமைக்கப்பட்டது. ரவுட்டரை மட்டுமே செய்து விற்கும் வியாபாரம், 1984-இல் சிஸ்கோ தோன்றிய பின்னர், மெல்லமெல்லத்தான் தலையெடுத்தது.

நம் தேசத்தில் 1986-இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையில் சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஆதி அங்கத்தினர்கள். பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். மூலம் கிடைத்தது. ஓசூரோ வேறொரு வழியில் அதற்குள் வளர்ந்திருந்தது. பின்தங்கிய பிரதேசமாகக் கருதப்பட்ட அந்தத் தாலுகாவில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும் வந்தன. டாடாவும் டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் அங்கேயே கடிகாரம் செய்யத் தலைப்பட்டது. பெரிய தொழிற்சாலை ஒன்று வந்தால் அதற்கு போல்ட்டும் புஷ்ஷும் கியரும் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பல வரும். அவற்றில் லேத்துகள் இருந்த இடத்தில் நாளடைவில் சி.என்.சி. இயந்திரங்கள் வந்தன, அவற்றுக்கு புரோகிராம் ஊட்ட சீரியல் கேபிளின் மறுமுனையில் ஒரு பழைய பி.சி. வந்தது.

இவ்வாறு ஒரே கூரையின்கீழ் இரண்டு வலைகள் தோன்றின. டிராயிங் போடுகிற, பில் போடுகிற கம்ப்யூட்டர்கள் ஆபீஸில் ஒரு ஹப்பைச் சுற்றி நின்றன. இயந்திரங்களுக்குப் பக்கத்திலிருந்த பி.சி.க்கள் ஷாப் ஃப்ளோரில் வேறொரு ஹப்பைச் சுற்றி நின்றன. நடுவில் ஃபிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு பையன் நடந்தான். கூலண்ட் எண்ணெயும் இரும்புத் தூளும் பட்ட ஃபிளாப்பி எப்போது படிக்கும், எப்போது படிக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. படிக்காத நாளில் இயந்திரம் சும்மா நிற்கும், ஷிப்ட் வீணாகும். அந்தப் பையன்களுள் நானும் ஒருவனாக இருந்தேன்.

2003-ஆம் ஆண்டில், நான் வேலை செய்த பட்டறையில், இந்த நடையை ஒழித்துவிட வேண்டும் என்று ஓர் எண்ணம் பிறந்தது. ரவுட்டர் வாங்கித் தரும்படி கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை, விலை அப்படி. ஆனால் மூலையில் யாரும் தொடாத ஒரு பென்டியம் கம்ப்யூட்டர் கிடந்தது. ஓசூரில் பஸ் ஏறினால் பெங்களூர், அங்கே எஸ்.பி. ரோட்டில் பழைய லேன் கார்டு மலிவாகக் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு கார்டுகள் வாங்கிவந்து, மேல்மூடியைக் கழற்றித் தூசி தட்டி, அவற்றைப் பொருத்தினேன். ஒரு கார்டுக்கு ஆபீஸ் வலையின் விலாசம், 192.168.1.1, மற்றொரு கார்டுக்கு ஷாப் ஃப்ளோர் வலையின் விலாசம், 192.168.2.1. இப்படி 192.168 என்று தொடங்கும் விலாசங்கள் யாருக்கும் சொந்தமல்லாதவை. எவரும் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1994-இல் ஒதுக்கிவைக்கப்பட்டவை.

இரண்டு காலும் ஊன்றியாகிவிட்டது. ஆயினும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வலைகளில் நிற்பதனாலேயே ஒரு கம்ப்யூட்டர் ரவுட்டராகிவிடுவதில்லை என்பதை அன்றுதான் கற்றேன். தனக்கு வராத பொட்டலத்தைக் கண்டால், வெளிப்படையாக உத்தரவு இருந்தாலன்றி, அதை அடுத்தவருக்குக் கடத்தாமல் கைவிட்டுவிட வேண்டும் என்று 1989-இலேயே இன்டர்நெட் விதிகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். அது நியாயமான விதி. வழியில் நிற்கிறவனெல்லாம் தபால்காரனாக முற்பட்டால் கடிதம் வீடு சேராது. விண்டோஸ் 2000-இல் அந்த உத்தரவு, ரெஜிஸ்ட்ரியின் ஆழத்திலிருந்த ஒரேயொரு எண். அதைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாற்ற வேண்டும். லினக்ஸிலும் ஒரு சிறு கோப்பில் அதே பூஜ்யம், அதே ஒன்று. மாற்றினேன், கம்ப்யூட்டரை மறுபடி துவக்கினேன், ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து நடுக் கம்ப்யூட்டரின் இரு விலாசங்களுக்கும் ‘பிங்’ என்னும் சோதனைப் பொட்டலம் அனுப்பினேன். இரண்டும் பதில் தந்தன. ஷாப் ஃப்ளோர் பி.சி. மட்டும் மௌனமாக இருந்தது.

அன்று முழுவதும் கேபிளை மாற்றினேன், முனைகளை வெட்டி மீண்டும் கிரிம்ப் செய்தேன், கார்டுகளை இடம் மாற்றினேன். சாயங்காலம், ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த ஃபோர்மேன், கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழக்கமில்லாதவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என் பின்னால் வந்து நின்றார்.

“என்னப்பா, காலையிலருந்து அதையே பாத்துக்கிட்டு உட்காந்திருக்க?”

“இங்கருந்து அனுப்பறது அங்க போகலண்ணே.”

“போகலையா, போயிட்டுத் திரும்பி வரலையா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் துண்டால் கையைத் துடைத்தபடியே சொன்னார்: “போறதுக்கு இவனுக்கு வழி சொல்லிட்ட. திரும்பி வரதுக்கு அவனுக்கு வழி சொன்னியா?”

சொல்லவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ‘கேட்வே இதுதான்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஷாப் ஃப்ளோர் பி.சி.யில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. என் பொட்டலங்கள் காலை முதலே வாயிலைக் கடந்து ஒழுங்காக அதனிடம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தன, பதிலெழுத அதற்கு மனமும் இருந்தது, 192.168.1 என்ற நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. இரண்டு வலைகளை இணைக்கப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு குழியில் விழுந்து எழுந்தவர்களே என்று பிற்பாடு அறிந்தேன். போகும் வழியும் வரும் வழியும் வெவ்வேறு உத்தரவுகள். ஒன்றைச் சொன்னால் மற்றொன்றும் சொன்னதாகிவிடும் என்று எண்ணுவது மனித சுபாவம். ஓசூர்க்காரரான அந்தப் பெரியவர் மாத்திரம் அப்படி எண்ணவில்லை. லாரியை எல்லை தாண்டி அனுப்புகிறவர், அது திரும்பி வருவதற்கான காகிதத்தையும் அனுப்பும்போதே யோசித்து வைப்பார். எல்லைச் சாவடிகளிருந்த ஜூஜுவாடியிலும் அத்திப்பள்ளியிலும் லாரிகள் வரிசையாக நின்ற காலத்தை முழுதும் பார்த்தவர் அவர். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்ட பின் அந்த யோசனைக்கு அவ்வளவு அவசியம் இல்லை.

காலிக் கட்டத்தில் 192.168.2.1 என்று எழுதினேன். உடனே திரையில் பதில் வரிசையாக ஓடியது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 127 என்ற எண் இருந்தது. பொட்டலம் ஒவ்வொன்றும் ஓர் ஆயுள் எண்ணோடு புறப்படுகிறது; விண்டோஸில் அது 128. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழித்துக்கொள்கிறது. வழி தவறிய பொட்டலம் முடிவின்றிச் சுற்றாமல் ஆயுள் தீர்ந்து மறைய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட முறை இது. குறைந்திருந்த அந்த ஒன்று, எஸ்.பி. ரோட்டுக் கார்டுகளோடு மூலையில் நின்ற பென்டியம் தன் வாயிலில் வசூலித்த சுங்கம்.

அந்த ஆண்டுகளில் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மாத்திரமன்று, தேசமெங்கும் பிரவுசிங் சென்டர்களும் சிறு ஆபீஸ்களும் ஒரே மோடத்தைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பங்கிட்டது பெரும்பாலும் இவ்விதமாகத்தான். 1999-இல் விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பிலேயே அதற்கு வசதி வந்துவிட்டது; ஒரே ஃபிளாப்பியில் அடங்கும் லினக்ஸை வைத்துப் பழைய 486 கம்ப்யூட்டரை ரவுட்டராக்கியவர்களும் உண்டு. பிறகு உள்ளங்கையகலப் பெட்டிகள் மலிவாக வந்து இவற்றை வெளியேற்றின. ஆயினும் அப்பெட்டிகளுள் பலவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது லினக்ஸ் ஓடும் ஒரு சிறு கம்ப்யூட்டர்தான். லிங்க்சிஸ் கம்பெனி தன் பெட்டிக்குள் லினக்ஸ் இருப்பது தெரிந்து 2003-இல் அதன் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து கிளைத்ததே ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற மென்பொருள்.

எங்கள் பென்டியம் எட்டு வருஷம் உழைத்தது. 2008-ஐ அடுத்து வந்த மின்வெட்டுக் காலத்தில் யு.பி.எஸ். ஓய்ந்து எத்தனையோ தடவை அது திடீரென்று அணைந்தது. மின்சாரம் வந்ததும் யாரும் சொல்லாமலே எழுந்து வேலையைத் தொடர்ந்தது. 2011-இல் அதற்குப் பதிலாகச் சிறிய பெட்டி ஒன்று வந்தது. பழையதைக் கழற்றியபோது அதன் மின்விசிறியில் எண்ணெய்ப் பசையோடு மெல்லிய இரும்புத் தூள் கம்பளிபோல் படிந்திருந்தது. இரண்டு கேபிள்களையும் பிடுங்கிப் புதிய பெட்டியில் செருகி, அதே இரு விலாசங்களை அதற்குக் கொடுத்துவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பிங் அனுப்பினேன். பதில் வந்தது; வரியின் முடிவில் 127 என்றிருந்தது.